வியாழக்கிழமைச் சாப்பாடு

எங்கள் ரோட்டரி சங்கத்தில் இப்போது ஒரு தீர்மானம் சுற்றில் இருக்கிறது. வியாழன் தவறாமல் மதியம் ஒரு மணிக்குக் கூடிச் சாப்பிடுகிறோமே, அதை மாதத்துக்கு இரண்டாகக் குறைத்துவிடலாம் என்று. கொண்டுவந்தவர்கள் முப்பது வயதுக்காரர்கள். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. கடையை விட்டுவிட்டு வர முடியவில்லை. வாட்ஸ்அப்பில் முடிகிற பேச்சுக்கு எதற்கு இலை போடவேண்டும்? சாப்பாட்டுக் காசைச் சேர்த்து வைத்தால் ரெண்டு பிள்ளைகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டலாமே? விதியும் அவர்கள் பக்கம்தான். மாதத்துக்கு இரண்டு கூட்டம் போதும் என்று 2016-லேயே ரோட்டரி தலைமை சங்கங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டது.

நான் எதிர்த்து ஓட்டுப் போடப் போகிறேன். "அக்காவுக்கு அரிசிம்பருப்பு சாதம் போயிருமேன்னு கவலைங்க" என்று ஒரு தம்பி குழுவில் எழுதினான். எங்களுக்குச் சாப்பாடு போடும் மெஸ்காரர் அதைச் செய்கிற வாரத்தில் அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கமாட்டேன். மீதிக் காரணங்களை ஃபோனில் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். தலைவர் மணியடிப்பார். தமிழ்த்தாய் வாழ்த்து. பிறகு எல்லோரும் நின்று அந்த நான்கு கேள்விகளைச் சொல்வோம்: நாம் நினைப்பதும் பேசுவதும் செய்வதும் உண்மையா, எல்லோருக்கும் நியாயமா, நட்பை வளர்க்குமா, எல்லோருக்கும் நல்லதா. 1932-இல் ஹெர்பர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர், கடனில் மூழ்கிக் கிடந்த ஓர் அலுமினியப் பாத்திரக் கம்பெனியைத் தூக்கி நிறுத்துவதற்காக எழுதியது இது. ரோட்டரி பின்னால் எடுத்துக்கொண்டது. எங்கள் சங்கத்தில் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பவர்களும் உண்டு, ஒப்பித்த கையோடு ஜி.எஸ்.டி. பில்லைப் பற்றி ரகசியம் பேசுபவர்களும் உண்டு. அதன் பிறகு உண்டியல் வரும். தாமதமாக வந்தவருக்கு அபராதம். மகளுக்கு சீட் கிடைத்தது, பேரன் பிறந்தான், புது லாரி இறங்கியது என்றால் அவரவர் சந்தோஷத்துக்குத் தக்கபடி போடுவார்கள். விருந்தினர் யாராவது இருபது நிமிடம் பேசுவார். வேளாண் அதிகாரி, போக்குவரத்து இன்ஸ்பெக்டர், இல்லாவிட்டால் உறுப்பினர் ஒருவரே எழுந்து தன் தொழிலைப் பற்றிப் பேசுவார். கடைசியில் தேசிய கீதம், மறுபடி மணி. இரண்டேகாலுக்கு எல்லோரும் கடையில் இருப்பார்கள்.

உறுப்பினர் பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'அச்சுத் தொழில்' என்று இருக்கும். அப்பா நடத்திய பிரஸ்ஸை நான் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ், தேர்தல் வந்தால் கொஞ்சம் தூக்கமில்லாத ராத்திரிகள். தொழிலுக்கு ஒருவர் என்பது ரோட்டரியின் ஆதிகால விதி. இப்போது தளர்ந்துவிட்டது என்றாலும் எங்கள் ஊரில் அதன் வாசனை போகவில்லை. தேங்காய் மண்டி, மாட்டுத்தீவனக் கடை, பல் டாக்டர், ஆடிட்டர், பள்ளிக்கூடக் கரஸ்பாண்டென்ட், ஹார்டுவேர், மெடிக்கல், பெட்ரோல் பங்க் என்று ஊரின் மெயின் ரோட்டையே மடித்து ஒரு மேசையில் உட்கார வைத்தமாதிரி இருக்கும்.

ஏன் தொழிலுக்கு ஒருவர்? இதில் தர்மம் ஒன்றும் கிடையாது. 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் துணி வியாபாரி ஆகிய நாலு பேர் யூனிட்டி கட்டடத்தில் ஓர் அறையில் கூடினார்கள். பெரிய ஊரில் தனியாக இருந்தவர்களுக்குப் பேச்சுத்துணை வேண்டும், கூடவே ஒருவர் வியாபாரத்தை ஒருவர் தூக்கிவிட வேண்டும். ஒரே தொழிலில் இரண்டு பேர் இருந்தால் அது நடக்குமா? அதனால் வந்த விதி. முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகமாகச் சுற்றிச் சுற்றிக் கூடியதால்தான் பெயரே ரோட்டரி. ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர் ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சுக்காரர். கூட்டத்தில் பாட்டுப் பாடும் வழக்கத்தை ஆரம்பித்தவர் அவர்தான். இந்தத் தகவலை நான் சங்கத்தில் அடிக்கடி சொல்லிக்காட்டுவேன். உடனே யாராவது என்னைப் பாடச் சொல்வார்கள். அதோடு பேச்சை மாற்றிவிடுவேன்.

சேவை என்பது அப்புறம் ஒட்டிக்கொண்டதுதான். 1906-இல் டொனால்ட் கார்ட்டர் என்ற வக்கீலைச் சேரச் சொல்லிக் கேட்டபோது, தங்களுக்குள்ளேயே கொடுத்து வாங்கிக்கொள்ளும் சங்கம் எத்தனை நாள் தாங்கும், ஊருக்கும் ஏதாவது செய்யவேண்டாமா என்று கேட்டார் அவர். அப்படித் தொடங்கிய முதல் பெரிய முயற்சி என்ன தெரியுமா? சிகாகோ நகர மன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பிடம். அதற்கும் எதிர்ப்பு. பீர் ஆலைக்காரர்கள், எங்கள் சாராயக்கடைகளில்தான் கழிப்பிடம் இருக்கிறதே என்றார்கள். பெரிய ஜவுளிக்கடைக்காரர்கள், எங்கள் கடைகளில் இருக்கிறதே என்றார்கள். குடிக்கவோ வாங்கவோ போகாதவர் எங்கே போவார் என்பதுதான் கேள்வி. நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

நூற்றுப் பத்து வருஷத்துக்கும் மேலாகியும் கழிப்பறையை விட்டு நாங்கள் தாண்டவில்லை. அரசுப் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று தலைமை ஆசிரியரைக் கேட்டால் பாதி நேரம் அதுதான் பதில், அதிலும் பெண்பிள்ளைகளுக்கு. கட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. சிமெண்ட் ஒருவர், டைல்ஸ் ஒருவர், கதவு ஒருவர் என்று மேசையிலேயே முடிந்துவிடும். திறந்த மூன்றாம் மாதம் போய்ப் பாருங்கள். மோட்டார் ஓடாது, குழாயைக் காணோம், தலைமை ஆசிரியரே பூட்டுப் போட்டிருப்பார். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோல் வாங்குகிற சங்கம் பினாயில் வாங்க மறந்துவிடுகிறது. இப்போது எங்கள் சங்கத்தில் கழிப்பறை கட்டுவதாக இருந்தால், கழுவுகிற ஆளுக்குச் சம்பளம் யார் தருவது என்ற கேள்விக்கு முதலில் பதில் வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் ஹார்டுவேர் கடை அண்ணன். டைல்ஸ் விற்பவரே அப்படிச் சொன்னதால் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

இங்கே ரோட்டரியின் பெரிய நோய் ஒன்றைச் சொல்லவேண்டும். தலைவர் பதவி ஒரு வருஷம். ஜூலை 1 வந்தால் புதுத் தலைவர், புது காலர், புது ஃப்ளெக்ஸ். போன வருஷத்துக்காரர் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற இந்த வருஷத்துக்காரருக்கு மனசு வராது, அவர் வேறு இடத்தில் புதிதாகக் குழி தோண்டுவார். தையல் மெஷின் கொடுக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மெஷின், அதைப் பிடித்துக்கொண்டு பதினாறு கை. வாங்கிக்கொள்ளும் அம்மா எங்கே என்று தேடவேண்டும். அந்தப் படங்களுக்கான பேனரை அடித்துக் கொடுப்பதில் எனக்கும் வருமானம் உண்டு என்பதால் இதற்கு மேல் பேச எனக்கு யோக்கியதை குறைவு.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் பெரும்பாலான சங்கங்கள் ராத்திரியில் கூடுகின்றன. அழைப்பிதழின் கடைசி வரியில் 'கூட்டத்தைத் தொடர்ந்து ஃபெல்லோஷிப்' என்று இருக்கும். நம் ரோட்டரி, லயன்ஸ் வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்லவேண்டியதில்லை. மறுநாள் காலை கண்ணைப் பார்த்தாலே தெரியும். எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பாட்டில் திறக்கிற இடத்தில் என்னைப் போன்றவர்கள் உட்காரமாட்டார்கள், உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்காது. மதியச் சாப்பாட்டில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் சங்கத்தில் பெண்கள் கணிசமாக இருப்பதற்கு ஒரே காரணம் மத்தியான வெயில்தான் என்பது என் கட்சி.

பெண்களை ரோட்டரி ஆசையாகக் கூப்பிட்டுச் சேர்க்கவும் இல்லை. கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊர்ச் சங்கம் 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்தது. அதற்காகச் சங்கத்தின் அங்கீகாரத்தையே தலைமை பிடுங்கியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே மாதம் சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 1989-இல்தான் உலகம் முழுக்க விதி மாறியது. உலகத் தலைவராக முதல் பெண் வந்தது 2022-இல், கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ். எங்கள் பக்கத்துச் சங்கங்களில் உறுப்பினர்களின் மனைவிமார்களை இன்றைக்கும் 'ஆன்ஸ்' என்றும் பிள்ளைகளை 'ஆனெட்ஸ்' என்றும் கூப்பிடுகிறார்கள். முதன்முதலாக மேடையில் என்னையும் 'ஆன்ஸ்' வரிசையில் உட்காரச் சொன்னார் ஒருவர். "நான்தானுங்க ரொட்டேரியன். எங்க வீட்டுக்காரரு வெளிய கார்ல இருக்காரு" என்றேன். அதிலிருந்து என் கணவரை சங்கத்தில் எல்லோரும் ஆன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை.

இனி கண் முகாம். எனக்குப் பிடித்த வேலை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் கண் முகாமுக்கு ஒரு முறை உண்டு. 1976-இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை அதைச் செப்பம் செய்தது. டாக்டர், கருவி, அறுவை சிகிச்சை, லென்ஸ் எல்லாம் மருத்துவமனையின் பொறுப்பு. இடம், விளம்பரம், ஆள் திரட்டுவது, வந்தவர்களை வரிசையில் உட்காரவைத்துப் பசியாற்றுவது ஊர்ச் சங்கத்தின் பொறுப்பு. பணத்தை விட ஆள் அதிகம் தேவைப்படுகிற வேலை.

நோட்டீஸ் என் பங்கு. அதில் பெரிய எழுத்தில் போடவேண்டியது தலைவர் பெயர் இல்லை. 'சாப்பிட்டுவிட்டு வாருங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், சீட்டை எடுத்து வாருங்கள். அன்றே பஸ்ஸில் கூட்டிப்போய் ஆபரேஷன் முடித்துக் கொண்டுவந்து விடுவோம், மாற்றுத்துணி கொண்டு வாருங்கள்.' இதைப் போடாத நோட்டீஸ் வீண். பாதிப் பேர் வெறும் வயிற்றில் வந்து மயங்கி விழுவார்கள், மீதிப் பேர் துணி எடுத்து வரவில்லை என்று திரும்பிப் போவார்கள். ஆட்டோவில் மைக் கட்டி வாரச் சந்தையிலும் சொல்லவேண்டும். கண் தெரியாதவரிடம் நோட்டீஸ் நீட்டி என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பறை ஒவ்வொரு வேலைக்கு. பதிவு, பார்வைப் பலகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் டாக்டர். புரை முற்றியவர்களைத் தனியாக உட்காரவைப்போம். கஷ்டம் அங்கேதான் தொடங்கும். ஆபரேஷன் என்றதும் மனசு மாறிவிடும். ஒரு முறை எழுபது தாண்டிய ஆத்தா ஒருத்தர் பஸ் படியில் கால் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

"நான் வரலீங்க அம்மிணி. என்ற எருமைய ஆரு பாத்துக்குவா? பால் கறக்கோணுமில்ல?"

டாக்டர் சொன்னார், கரஸ்பாண்டென்ட் சொன்னார், நான் சொன்னேன். அசையவில்லை. மாட்டுத்தீவனக் கடை அண்ணன் கையில் காபி டம்ளரோடு வந்தார். "எந்த ஊருங்காத்தா? யாரு தோட்டத்துக்குப் பக்கம்?" என்று கேட்டார். ஒரே ஒரு ஃபோன். அந்த ஊரில் அவரிடம் கடனுக்குத் தவிடு வாங்குகிற ஒருவர், மூன்று நாளைக்கு எருமையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஸ்பீக்கரில் ஆத்தாவிடமே சொன்னார். ஆத்தா பால் அளவைக் கூடச் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

வாட்ஸ்அப் போதும் என்கிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதைத்தான். அந்த அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்தது மனிதாபிமானத்தால் என்று மேடையில் சொல்வோம். உண்மையில், அதற்கு முந்தின வியாழக்கிழமை ரசம் ஊற்றும்போது ஆடிட்டர் அவர் முகத்தைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை வர்றீங்கதானுங்க?" என்று கேட்டார். எதிர் இலையில் உட்கார்ந்திருப்பவரிடம் இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த வியாழனும் அதே முகத்தைப் பார்க்கவேண்டும். குழுவில் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் கட்டைவிரல் படம் ஒன்று விழுந்திருக்கும், அண்ணன் தூங்கியிருப்பார். பள்ளிக்கூட பஸ் ஓசியில் கிடைத்ததும் இப்படித்தான். கரஸ்பாண்டென்ட் அபராத உண்டியலில் பணம் போட மறுத்து வம்பு பேசிக்கொண்டிருந்தார். "அப்ப பஸ்ஸைக் குடுங்க" என்றோம். கொடுத்துவிட்டார்.

ரோட்டரியின் போலியோ ஒழிப்பு வேலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். 1985-இல் ரோட்டரி 12 கோடி டாலர் திரட்டுவதாகச் சொல்லி, 1988-க்குள் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் திரட்டியது. அப்போது உலகத்தில் வருஷத்துக்கு 3,50,000 குழந்தைகளை அந்த நோய் முடக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில், மேற்கு வங்கம் ஹவுராவில். பணத்தின் கணக்கு இது. சொட்டு மருந்து நாளில் வெயிலில் பந்தல் போட்டு உட்கார்ந்து, செவிலியருக்கு டீ வாங்கிக்கொடுத்து, பிள்ளை விரலில் மை வைத்த மனுஷர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஆனால் எங்கள் ஊரில் ரோட்டரி என்றால் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது போலியோவும் இல்லை, கண் முகாமும் இல்லை. சுடுகாடு. கொங்குப் பக்கம் பல ஊர்களில் இதைப் பார்க்கலாம். நகராட்சி எரிவாயு தகன மேடை கட்டிக்கொடுக்கும், நடத்துவது ரோட்டரியோ லயன்ஸோ அமைத்த அறக்கட்டளையாக இருக்கும். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஃப்ரீசர் பெட்டி, வண்டி, தகனம், சான்று, மறுநாள் சாம்பல் என்று எல்லாம் ஒரே எண்ணில் கிடைக்கும். கட்டணம் எவ்வளவு என்று வாசலில் எழுதியிருக்கும், அதற்கு மேல் யாரும் கை நீட்டக்கூடாது. முடியாதவர்களுக்கு அதுவும் கிடையாது. வரவு செலவை ஆடிட்டர் வருஷா வருஷம் பலகையில் ஒட்டிவிடுவார்.

நிதி கேட்டுப் போன அனுபவம் வேடிக்கை. வகுப்பறைக்கு என்றால் 'எங்கப்பா பேரு போடுவீங்களா' என்பார்கள். தகன மேடைக்குக் கொடுத்தவர்களில் ஒருவர்கூடப் பெயர் போடச் சொல்லிக் கேட்கவில்லை. அதனாலேயே அங்கே வேலை ஒழுங்காக நடக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்னொரு காரணமும் உண்டு. அறக்கட்டளையில் இருப்பவர்கள் ஜூலைக்கு ஜூலை மாறுவதில்லை.

அந்த இடத்தில் வேறொன்றும் நடந்திருக்கிறது. சாதிக்கு ஒரு சுடுகாடு, அதற்கு ஒரு பாதை என்று இருந்த ஊர் இது. பாதை கொடுக்காமல் பிணத்தை நிறுத்திவைத்த கதைகள் எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. தகன மேடையில் ஒரே வாசல், ஒரே மேடை, முன்பதிவு நேரம்தான் வரிசை. பெண்கள் உள்ளே வருவதை யாரும் தடுப்பதில்லை. நானே அப்பாவுக்கு அங்கே நின்றேன். ஊரே திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன், பழைய சுடுகாடுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. கொரோனா சமயத்தில் சொந்தக்காரர்களே கிட்ட வரப் பயந்தபோது, மேடையில் வேலை பார்க்கும் தம்பிகள் ராத்திரி பகல் பார்க்காமல் நின்றார்கள். மூன்று வேளையும் அவர்களுக்குச் சாப்பாடு அனுப்பியவர் எங்கள் வியாழக்கிழமை மெஸ்காரர். ஊரடங்கில் எங்கள் கூட்டம் ஸூமுக்குப் போய்விட்டதால் அவருக்கு எங்களிடமிருந்து வருமானமே இல்லாத காலம் அது.

தம்பிகளின் கேள்வியில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வேலை நாளில் மத்தியானம் ஒரு மணிக்கு வந்து உட்காரக்கூடியவர் யார்? முதலாளி. என் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவரால் வர முடியாது, நான் சம்பளத்தோடு அனுப்பினாலும் சந்தா கட்ட முடியாது. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் டேங்க், எந்தப் பள்ளிக்கு பெஞ்ச் என்று முடிவு செய்கிற மேசையில் அந்தத் தெருக்காரர் ஒருவர்கூட இல்லை. கூட்டத்தை மாதம் இரண்டாக ஆக்கினால் இது சரியாகிவிடாது, முதலாளிகள் இரண்டு முறை கூடுவார்கள், அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் அந்தந்தப் பகுதிக்காரர்களை விருந்தினராகக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைக்கலாமே என்று கேட்டிருக்கிறேன். துப்புரவுப் பணியாளர்களை ஒரு வாரம் கூப்பிட்டோம். கழிப்பறை விஷயத்தில் ஹார்டுவேர் அண்ணன் மனசு மாறியது அந்த வாரம்தான்.

ஓட்டெடுப்பு அடுத்த வியாழன். எண்ணிக்கை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியவில்லை, பெட்ரோல் பங்க்காரர் இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் விருந்தினராக வாருங்கள். விருந்தினருக்கு ஓட்டு இல்லை, ஆனால் பேசலாம், அபராதமும் கிடையாது. வருகிறவர்கள் புதன் சாயங்காலத்துக்குள் என்னிடம் சொல்லிவிடவேண்டும், மெஸ்காரர் இலைக் கணக்குக் கேட்பார். அன்றைக்குக் கொள்ளு ரசம்.